வழுக்காத தரை

14.6.2009, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. ஹாலில் நாலு சாக்கு விரித்தேன். வாசலில் ஒன்று, டி.வி. முன்னால் ஒன்று, படுக்கையறைக்குப் போகிற வழியில் இரண்டு. சாக்கு நகர்கிறது. அடியில் ஈரத்துணி வைத்துப் பார்த்தேன். அப்போதும் நகர்கிறது.

செல்வி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, இது வீடா, கமிஷன் கடையா?"

விஷயம்: நாலாம் மாதம். மூன்றாவது முறை. இதற்கு மேல் விவரம் எழுத மாட்டேன், எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கால்நடை ஆய்வாளர், பதினோரு வருஷமாகப் பசுவுக்கும் எருமைக்கும் சினை ஊசி போடுகிறவன் இப்படி எழுதுவது வெட்கம்தான். யார் பார்க்கப் போகிறார்கள்.

முதல் முறை பத்தாவது வாரத்தில் போயிற்று. இரண்டாவது ஆறாம் மாதம். 2007 ஆகஸ்டு. குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தவள் ஹாலில், ஷோகேஸ் பக்கத்தில், வழுக்கி விழுந்தாள். மறுநாள் கம்பம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

ஹாலில் பதித்த அந்த டைலை வாங்கியவன் நான். வீடு கட்டும்போது மதுரை வரை போய், கடை கடையாக ஏறி இறங்கி, "முகம் பார்க்கிற மாதிரி வேணும்" என்று கேட்டு வாங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் டார்ச் அடித்துக் காட்டினேன்.

தரையை மாற்ற வேண்டும். ஆகஸ்டுக்குள்.

16.6, செவ்வாய்

சாரல் விடவில்லை. தவசி அண்ணன் கொட்டத்தில் நிறைமாதப் பசு படுத்துவிட்டது, எழவில்லை. கால்சியம் ஏற்றினேன். அரை மணியில் எழுந்தது. எழும்போது கவனித்தேன், குளம்பு வழுக்கவே இல்லை. கொட்டத்துச் சிமெண்டுத் தரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு.

"சிமெண்டு காயுமுன்ன கம்பிய வச்சு இழுத்துவிட்டேன் சார். சினைமாடு வழுக்கி விழுந்தா என்னாகும்னு ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். விவசாயிகள் முகாமில் நானே சொல்லிக்கொடுத்ததுதான். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். மாட்டுக்குக் கோடு, பெண்டாட்டிக்குக் கண்ணாடி.

19.6, வெள்ளி

கொத்தனார் வந்தார். டைலைத் தட்டிப் பார்த்தார். இதைப் பெயர்த்துவிட்டு, பார்க்க மரம் மாதிரியே இருக்கிற புது டைல் போடலாம் என்றார். சொரசொரப்பு. ஈரத்திலும் கால் பிடிக்கும். ஆறு நாள் வேலை. எனக்குப் பாதி உயிர் வந்தது.

பையிலிருந்து உளியை எடுத்தவர் என்ன நினைத்தாரோ, திரும்பவும் பையில் போட்டார்.

"சார், கேக்குறேன்னு தப்பா நினைக்காதீக. வீட்டுல யாரும் மாசமா இருக்காகளா?"

"ஏன்?"

"இருந்தா நான் கொத்த மாட்டேன். இருக்குற தரையப் பேக்கக் கூடாது. ஒரு ஆணி அடிக்கக் கூடாது. பெத்துப் பொழைச்சு வரட்டும்னு விட்டுருவோம்."

ஐந்து மாதம் முடிகிறவரை யாருக்கும் சொல்வதில்லை என்று செ.யும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த தெருவில் இருக்கிற பாண்டியம்மாள் அக்காவுக்குக்கூடத் தெரியாது. "இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்தப் பொய்யால் ஏதாவது ஆகிவிட்டால்?

"பிறகு சொல்றேண்ணே."

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நல்லது சார். நல்லபடியா முடியட்டும். தரை எங்கன ஓடப் போகுது."

இதையெல்லாம் நான் நம்புகிறவனா? இல்லை. ஆனால் இந்த வீட்டில் உளிச்சத்தம் கேட்கக் கூடாது.

ஆக, பெயர்க்காமல், ஆணி அடிக்காமல், இருக்கிற டைல் மேலேயே போடுகிற தரை வேண்டும். அப்படி ஒன்று உண்டா?

21.6, ஞாயிறு

தேனி போனேன். உண்டு.

கடைக்காரர் நோட்டுப் புத்தகம் போல மாதிரித் துண்டுகளைப் புரட்டினார். தேக்கு, ஓக், வால்நட்.

"என்ன கலர் சார் பாக்குறீங்க?"

"எந்தக் கலரானாலும் சரி. வழுக்குமா?"

"பினிஷிங் பாருங்க சார், அப்படியே மரம்."

"வழுக்குமா?"

மேலும் கீழும் பார்த்தார். பிறகு எடுத்துப் போட்டது:

1. மர டைல். பழைய டைல் மேலேயே பசை போட்டு ஒட்டலாமாம். ஆனால் ஓரத்துக்கு மெஷினில் அறுக்க வேண்டும், கதவு நிலைக்கு அடியில் கொஞ்சம் கொத்த வேண்டும். கொத்து என்றதும் அடுத்ததற்குப் போய்விட்டேன்.

2. வினைல். பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருக்கிறது, மேலே மரப் படம். காலுக்கு மெத்தென்று இருக்கிறது. ஈரம் ஒன்றும் செய்யாது. ஆனால் தரை முழுக்கப் பசை தடவ வேண்டும். டப்பாவைத் திறந்து காட்டினார். எனக்கே தலை சுற்றியது. செ.க்கு இப்போது கடுகு தாளிக்கிற வாசமே ஆகாது.

3. லேமினேட். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே மரத்தின் ரேகை, விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும். ஆணி கிடையாது, பசை கிடையாது, கொத்து கிடையாது. குறை: தண்ணீர் நின்றால் ஊறி உப்பும். கரையான் வருமா என்று கேட்டேன். "வராது சார்" என்றார், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

வீட்டில் காட்ட வேண்டும் என்று மூன்றிலும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் கூட்டம். மடியிலேயே வைத்து வந்தேன்.

23.6, செவ்வாய்

அரை நாள் லீவு. செ. பள்ளிக்கூடம் போன பிறகு (ஒன்றாம் வகுப்பு டீச்சர், நாற்பது வால்கள்) பின்வாசலில் சோதனை. துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலைத் துண்டின் மேல் வைத்து முன்னால் தள்ளிப் பார்ப்பது.

பழைய டைல் (ஒன்று மிச்சம் கிடந்தது): காய்ந்த கால், சரி. ஈரக்கால், போச்சு.
மர டைல்: ஈரம், சோப்பு, எண்ணெய், எல்லாவற்றிலும் பிடிக்கிறது. கொத்தாமல் போட முடிந்தால் இதுதான்.
வினைல்: ஈரம் பிடிக்கிறது. சோப்பு வழுக்குகிறது.
லேமினேட்: காய்ந்தது நன்று. ஈரம் பரவாயில்லை. எண்ணெய்... தெரியாது. அதற்குள் கொடி அறுந்து விழுந்துவிட்டேன்.

முழங்கையில் சிராய்ப்பு. சாயங்காலம் செ. கேட்டாள். மாடு உதைத்துவிட்டது என்றேன்.

"மாடு தேங்கா எண்ணெ தேச்சுக்கிட்டா ஒதைச்சுச்சு?"

லேமினேட் துண்டை வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.

24.6, புதன்

எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் ஊறிப்போன ரஸ்க் மாதிரி.

30.6, செவ்வாய்

தாடி பதினேழு நாள். வீட்டில் மாசமாக இருந்தால் புருஷன் சவரம் செய்யக்கூடாது என்பது வழக்கம். யாரும் சொல்லவில்லை, நானாக விட்டுவிட்டேன். மருந்தகத்தில் உதவியாளர், "என்ன சார், வீட்டுல விசேஷமா?" என்றார். பிளேடு தீர்ந்துவிட்டது என்றேன். மாலையில் என் மேசை மேல் ஒரு பாக்கெட் பிளேடு. சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா.

"ஏலே, தாடிய வளத்து ஊருக்கே தண்டோரா போட்டுட்டு எங்கிட்ட மட்டும் மறைக்கிறியா? நான் ஒங்கூடப் பெறந்தவ இல்லையா?"

செ.யைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஆத்தா, நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. தாயில்லாப் புள்ளன்னு நினைக்காத. நான் பாக்குறேன்." செ.யும் அழுதாள். நான் போய் மோட்டாரைப் போட்டேன்.

ரகசியம் போயிற்று. கண் படும். எத்தனை கண்.

5.7, ஞாயிறு

முடிவு: லேமினேட். தண்ணீரை நான் பார்த்துக்கொள்வேன். உளிக்கும் பசைக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

போடுகிறவர் ஜோஸ், குமுளிக்கார மலையாளி, அந்தப் பக்கத்து ரிசார்ட்டுகளில் இதே வேலை. வந்து அளந்தார். பலகையை எங்கே அறுப்பீர்கள் என்று கேட்டேன். ஹாலில்தான் என்றார். முடியாது என்றேன். மாடியில்? முடியாது. கடைசியில் அக்கா வீட்டு வாசலில் அறுத்து, ஒவ்வொன்றாகத் தூக்கி வருவது என்று ஏற்பாடு.

"சேட்டா, இத்தனை பயமோ?"

"ஆமா."

8.7 – 10.7

செ. ஜெயமங்கலத்தில், அவள் சித்தி வீட்டில். கொண்டுவிடும்போது அந்தத் தரையையும் பார்த்துவிட்டு வந்தேன். சிமெண்டு. சொரசொரப்பு. நல்லது.

இங்கே வேலை. முதலில் மெல்லிய ஸ்பாஞ்சு விரிப்பு, அதன் மேல் பலகை. ஜோஸ் ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்டப் பூட்டிக்கொள்கிறது. பழைய டைல் வரிசை வரிசையாக மறைந்தது. ஷோகேஸ் பக்கத்து இடம் மறையும்போது நின்று பார்த்தேன்.

கதவு உரசியது. கழற்றித் தெருவில் வைத்துச் சீவினார். கடைசியாக வாசல் ஓரத்துப் பட்டிக்கு நாலு ஸ்குரூ போட வேண்டும் என்றார்.

"ஒண்ணுகூட வேண்டாம் ஜோஸ்."

ஸ்குரூ டப்பாவை மூடினார். "மனசிலாயி. எண்ட வீட்டிலயும் அம்மச்சி சம்மதிக்காது." இருபுறமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டு அழுத்தினார். அதற்காகத் தனியாகக் காசு ஒன்றும் வாங்கவில்லை.

12.7, ஞாயிறு

செ. வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். காலை வைத்தாள். டொக். இன்னொன்று. டொக். பலகைக்கு அடியில் ஒன்றுமே இல்லாதது போலச் சத்தம்.

"பொட்டி மேல நடக்குற மாதிரி இருக்குங்க." ஷோகேஸ் வரை போனாள், திரும்பினாள். கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். "ஒரு தட்டாமாலை சுத்தட்டா?"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

சமையலறைக் கதவில் ஒட்டிய தாள்:
1. ஈரக்காலோடு ஹாலுக்கு வரக்கூடாது.
2. சொம்பு, டம்ளர், சாப்பாட்டு மேசையைத் தாண்டக் கூடாது.
3. எண்ணெய் தேய்த்த நாளில் செருப்பு.
4. துடைப்பது நான். பிழிந்த துணி மட்டும்.
5. ஓடக்கூடாது.

இரவு பார்த்தால் கீழே செ. கையெழுத்து: 6. மூச்சு விடலாமா?

2.8, ஞாயிறு

அசைவு தெரிகிறதாம். எண்ணச் சொன்னேன். காலை 4, மாலை 6.

3.8: 5, 6.
4.8: 3, 7. காலையில் ஏன் 3? டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "சார், நீங்க நல்லா தூங்குங்க" என்றார்.

19.8, புதன்

அதே வாரம். அன்றைக்கு விழுந்த அதே தேதி நாளைக்கு. செ.யை லீவு போடச் சொன்னேன், போட்டாள். குளியலறையிலிருந்து கட்டில் வரை கையைப் பிடித்து அழைத்து வந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அன்னைக்கி நான் விழுந்தேன்ல. அதுக்கு மொத நாளே உள்ள அசைவு இல்லைங்க. காலையிலருந்தே இல்ல. தூங்குது போலன்னு நினைச்சேன். ராத்திரியும் இல்ல. ஒங்ககிட்டச் சொல்லப் பயம். மறுநாள் குளிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லலாம்னுதான் வந்தேன். அந்தப் பதட்டத்துலதான் விழுந்தேன்."

பிடித்த கையை இறுக்கினேன்.

"எல்லாரும் தரைய வஞ்சாக. ஒங்கக்கா வஞ்சாக, எங்க சித்தி வஞ்சாக. நானும் சேந்து தரையவே வஞ்சேன். என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல. அப்பிடியே விட்டுட்டேன். நீங்க இப்பிடி உருகுவீகன்னு தெரியாதுங்க."

அவள் கையை விடாமல் கட்டிலில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். தவசி அண்ணன் கொட்டத்துப் பக்கம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அனுமந்தன்பட்டி தாண்டி, திராட்சைப் பந்தல் ஓரம் நிறுத்தி அழுதேன்.

கோபம் இல்லை. இரண்டு வருஷம் தனியாக வைத்திருந்தாளே என்றுதான்.

ஆனால் பயம் இப்போதுதான் கூடியிருக்கிறது. நேற்று வரை குற்றவாளி தரை. மூடிவிட்டேன், நிம்மதி. தரை இல்லை என்றால் நான் எதை மாற்றுவது? கன்று வயிற்றிலேயே செத்துப் போனால் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், "அண்ணே, இது யார் தப்பும் இல்ல." சரளமாக வரும் வாயில். இன்றைக்கு எனக்கு நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். காலை 5. மாலை 8.

20.8

5, 7. நாள் கடந்தது.

23.10, வெள்ளி

விடாத மழை. வளைகாப்பு. காலை ஐந்து மணிக்குச் சளசளவென்று சத்தம். ஓடி வந்தால் ஹாலில் அக்கா, சேலையைச் சொருகிக்கொண்டு, கையில் வாளி. அரை வாளி ஊற்றியாகிவிட்டது. விசேஷத்துக்கு வீட்டைக் கழுவிவிடுகிறாளாம்.

"அக்கா! பலகை!"

வேட்டியை அவிழ்த்துப் போட்டுத் துடைத்தேன், டவுசரோடு. சத்தமும் போட்டேன். அக்காவை நான் சத்தம் போட்டது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

"மாட்டாஸ்பத்திரிக்காரனுக்குப் பொண்டாட்டியவிட பலகைதான் பெருசாப் போச்சு. போறபோக்குல தரைக்கே தலைய வாரி விட்டாலும் விடுவான் போல," என்று வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செ. தான் போய்க் கூட்டி வந்தாள், ஒன்பது மாத வயிற்றோடு, மழையில். அதற்கும் பயந்தேன். அக்காதான் முதல் வளையல் போட்டாள். முப்பது பெண்கள், முப்பது ஜோடி ஈரக்கால். துணியோடு வாசலிலேயே நின்றேன். "கால் தொடச்சிட்டு வாங்க, கால் தொடச்சிட்டு வாங்க." ஒரு கிழவி கேட்டாள், "ஏம்ப்பா, இது கோயிலா?"

பலகை தப்பித்தது. யாரும் விழவில்லை.

12.11, வியாழன்

மழை. காலை 7.20. நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஹாலில் டொக், டொக் என்று செ. நடக்கிற சத்தம். நின்றது. நான்கு மாதமாக அந்தச் சத்தம் நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

"ஏங்க. இங்கன தண்ணி."

"எத்தன தடவ சொல்றது! சொம்ப எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போகாதேன்னு!" துணியைப் பிழிந்துகொண்டு ஓடினேன். ஷோகேஸ் பக்கத்தில் நின்றிருந்தாள். காலடியில் தண்ணீர் பரவுகிறது. மண்டிபோட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வருகிறது.

"சொம்பு எங் கையில இல்லைங்க."

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கையும் வயிற்றின் மேல்.

எத்தனை நூறு பனிக்குடம் உடைந்து பார்த்தவன் நான். துணியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அவள்தான் சொன்னாள், "பயப்படாதீக. மொதல்ல அடுப்ப அமத்துங்க. அக்காவக் கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரி. வராண்டா முழுக்க டைல், எங்கள் பழைய டைலைவிடப் பளபளப்பு. நர்சுகள் அதன் மேல் ஓடுகிறார்கள். ஒருத்தரும் விழவில்லை.

மாலை 4.10. கதவுக்கு உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது. அழுகை இல்லை. கன்று மூச்சு விடாவிட்டால் மூக்கில் வைக்கோல் விடுவோம். கதவைத் தட்டிச் சொல்லலாமா என்று கையைத் தூக்கிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அழுதது.

13.11, வெள்ளி

பெண். 2 கிலோ 800. இருவரும் நலம். எழுதிவிட்டேன், பயமில்லாமல் எழுதிவிட்டேன். செ. கேட்டது ஒன்றுதான்: "இப்பவாவது தாடிய எடுப்பீகளா?"

துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நேற்று யாரும் முழுதாகத் துடைக்கவில்லை. ஷோகேஸ் பக்கத்தில் இரண்டு பலகை ஊறி, சேருகிற இடத்தில் விரற்கடை உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து தடவினேன். இது இப்படியே இருக்கட்டும், மாற்றவே வேண்டாம் என்று தோன்றியது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எழுந்தேன். அதிலேயே கால் இடித்தது.

கைக்குழந்தையோடு அவள் வரும்போது?

ஜோஸுக்குப் போன். விஷயம் கேட்டு, "தைவமே, நல்லது சேட்டா" என்றார். பலகை இருக்கிறதாம், திங்கட்கிழமை மதியம்தான் வர முடியுமாம். டாக்டரம்மாவுக்குப் போன். டிஸ்சார்ஜ் ஞாயிற்றுக்கிழமை காலை.

ஞாயிறு முழுக்க, திங்கள் மதியம் வரை. அந்த எழும்பின இடத்தின் மேல் நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்துகொள்வதாக இருக்கிறேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.